பதினெட்டு ராணிகளும் ஒரு மூட்டை கட்டிங் வேஸ்ட்டும்

சென்ற மாதம் உடுமலைப்பேட்டை பக்கம் ஒரு தோப்பில் தேனீ வளர்ப்புப் பயிற்சி நடத்தினார்கள். வேலையிலிருந்து நின்றுவிட்ட என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். பெட்டிக்குள் புதிய ராணியை விடுவது எப்படி என்று நான் ஒரு மணி நேரம் பேச வேண்டும். பேச எழுந்திருக்கும் முன்பே எனக்கு அந்த வாசனை வந்துவிட்டது. பயிற்சிக்கு வந்திருந்த ஒருவர் தேனீக்களை அடக்கும் புகைக் குடுவைக்குள் பனியன் கம்பெனி கட்டிங் வேஸ்ட்டைத் திணித்துக் கொளுத்திக்கொண்டிருந்தார். பச்சையும் ரோஸும் கலந்த துண்டுகள். நான் போய்க் குடுவையைப் பிடுங்கித் தண்ணீர்த் தொட்டிக்குள் போட்டேன்.

"ஏனுங்க, சும்மா கெடக்கற துணிதானுங்க? எங்க யூனிட்ல மூட்டை மூட்டையாக் கெடக்குது. தேங்காய் மட்டை தேடிட்டு அலையறதுக்கு இது லேசுங்களே" என்றார் அவர். நாற்பது வயது ஆள். சேவூரில் இருபது தையல் மெஷின் போட்டு ஓட்டுகிறவர். நான் அவரைத் திட்டிய வார்த்தைகளை அச்சில் ஏற்ற முடியாது. பயிற்சி நடத்தியவர்கள் என்னை ஓரமாக அழைத்துப் போய், "இதுக்கு எதுக்குங்க இத்தனை கோவம்? என்ன காரணம்னு எழுதிக் குடுங்க, பயிற்சிப் புத்தகத்துல போட்டுக்கறோம்" என்றார்கள்.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். ஆனால் முதலில் சொல்ல வேண்டிய ஆள் ஒருவர் இருந்தார். அவரிடம் சொல்லாததை ஊருக்குச் சொல்லக் கூடாது. இப்போது அவரிடம் சொல்லியாகிவிட்டது. அதனால் எழுதுகிறேன். இதனுடன் ஒரு கட்டு அட்டைகளும் கொடுத்தனுப்புகிறேன். அவை என்னவென்று படித்து முடிக்கும்போது தெரியும்.

நான் நெசவுக்காரக் குடும்பம். தறி நின்று போனதும் என் அப்பா என்னைத் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் சேர்த்துவிட்டார். பன்னிரண்டு வருடம் கட்டிங் பிரிவில் இருந்தேன். துணி வந்து இறங்கியதும் ஓரத்தில் நாலு நூலை உருவித் தீக்குச்சியில் காட்டி, இது சுத்தப் பருத்தியா கலப்பா என்று சொல்வது என் வேலை. பருத்தி காகிதம் மாதிரி எரியும். சாம்பலை ஊதினால் பறந்துவிடும். கலப்பு உருகும், நுனியில் மணி மாதிரி முடிச்சு விழும், பிளாஸ்டிக் பொசுங்கும் நாற்றம் வரும். கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவேன். கட்டிங் மாஸ்டர் என்னை 'மூக்கு சம்முகம்' என்றுதான் கூப்பிடுவார். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. பின்னால் 'தெரியாமல் நடந்துவிட்டது' என்று நான் தப்பித்துக்கொள்ள முடியாமல் போக வேண்டும் என்பதற்காக இப்போதே சொல்லி வைக்கிறேன்.

பஞ்சுத் தூசி நெஞ்சில் ஏறி எனக்கு இழுப்பு வந்துவிட்டது. முதலாளிக்கு உடுமலை பக்கம் மலையடிவாரத்தில் ஒரு தென்னந்தோப்பு இருந்தது. அங்கே இத்தாலியத் தேனீப் பெட்டிகள் வைத்து, ராணி உற்பத்தி செய்து மற்ற தோப்புக்காரர்களுக்கும் கொடுத்துவந்தார். "காத்து நல்லா இருக்கும், அங்க போயிருங்க" என்று என்னை அனுப்பினார். அங்கே எனக்குக் கிடைத்த வேலை புகை போடுவது. இழுப்புக்காரனுக்கு இப்படி ஒரு வேலை. முதல் மூன்று வருடம் கொட்டு வாங்கினேன், பெட்டி தூக்கினேன், எறும்பு ஏறாமல் ஸ்டாண்டு கால்களுக்குக் கிரீஸ் தடவினேன். அதைப் பற்றிச் சொல்ல வேறு ஒன்றுமில்லை.

அந்தப் பண்ணையின் தலைமை வேலைக்காரர் வெள்ளியங்கிரி. ராணிகளை அவர் ஒருவர்தான் தொடுவார். ஒல்லியான ஆள். முகத்துக்கு வலை போட மாட்டார். பெட்டி திறந்திருக்கும்போது பேச மாட்டார். பேசினால் மூச்சுக்காற்று தேனடையின் மேல் படும் என்பார். வேலைக்கு வரும் அன்று சோப்புப் போட்டுக் குளிக்க மாட்டார். பெட்டியைத் திறந்ததும் அடை கட்டியிருக்கும் ஓரத்து மரச் சட்டத்தின் மெழுகில் இரண்டு கைகளையும் தேய்த்துக்கொண்டுதான் உள்ளே விடுவார். யாரையும் 'நீ' என்று சொல்லி நான் கேட்டதில்லை. திட்டும்போது மரியாதை இன்னும் கூடிவிடும். ஒருமுறை ஒரு ஆள் தலையில் வாசனை எண்ணெய் வழிய வந்து நின்றார்.

"உங்க தலை நெம்ப வாசமா இருக்குதுங்க" என்றார் வெள்ளியங்கிரி. "ஊட்டுக்குப் போயித் தண்ணி வாத்துட்டு, நாளைக்கு வாங்க. நாளைக்கும் வாசமா இருந்தா அப்புறம் வரவே வேண்டாமுங்க."

அந்த மரியாதைக்கு நாங்கள் எல்லோரும் பயந்தோம். அறைந்திருந்தால் வாங்கிக்கொண்டு போயிருப்போம்.

அவருக்கு ஒரு குறை இருந்தது. சிறு வயதிலிருந்தே மூக்குப்பொடி போட்டு மூக்கு செத்துவிட்டது. தேனீ வேலைக்கு வந்ததும் பொடியை விட்டார், மூக்கு திரும்பவில்லை. மலம் மிதித்துவிட்டு வந்தாலும் தெரியாது. என் பழைய வேலையைக் கேள்விப்பட்டதும் என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். "கண்ணு என்னுது, மூக்கு உங்களுதுங்க சம்முகம்" என்றார். அப்படியே பதினோரு வருடம் வேலை செய்தோம்.

ராணி என்று நாம் பேர் வைத்திருக்கிறோம். அதைக் கேட்டுவிட்டு, ராணியை விட்டால் கூட்டம் எழுந்து நின்று வணங்கும் என்று நினைக்கிறார்கள். இன்றைக்கு போனில் வீடியோ போடுகிறவர்கள், சர்க்கரைத் தண்ணீரைத் தெளித்து ராணியை அப்படியே உள்ளே விடச் சொல்கிறார்கள். பஸ் பார்சலில் ராணி வருகிறது, வந்த அன்றே கொட்டிவிடுகிறார்கள். மறுநாள் செத்துக் கிடந்தால் விற்றவரைத் திட்டுகிறார்கள். வேறு வீட்டு வாசனையோடு வருகிற ராணியைத் தேனீக்கள் சுற்றி வளைத்து, பந்து மாதிரி திரண்டு, உள்ளே நசுக்கி, தங்கள் உடல் சூட்டில் வெந்து போகும்படி செய்து கொல்லும். ஒரு பெட்டியில் முப்பதாயிரம் தேனீ இருக்கும். முப்பதாயிரத்துக்கும் சம்மதம் வேண்டும். அதற்கு நாள் ஆகும். குறுக்கு வழி கிடையாது.

வெள்ளியங்கிரி செய்த முறையை அப்படியே எழுதுகிறேன்.

முதல் நாள் பழைய ராணியைத் தேடி எடுப்பார். முட்டை குறைந்த கிழட்டு ராணி. பெட்டிக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, இரண்டு விரலால் தலையை நசுக்கி, தீப்பெட்டிக்குள் வைப்பார். மறுநாள் புதிய ராணியைக் கம்பிவலைக் கூண்டில் அடைத்து, புழு இருக்கும் இரண்டு அடைகளுக்கு நடுவில் தொங்கவிடுவார். ராணியின் முதுகில் வெள்ளை நெயில் பாலிஷில் ஒரு பொட்டு இருக்கும். கூண்டு வாயைச் சர்க்கரை உருண்டையால் அடைத்துவிட்டால் தேனீக்களே தின்று திறந்துவிடும் என்று புத்தகத்தில் இருக்கிறது. அவர் அதை ஏற்கவில்லை. "கதவைத் தொறக்கறது யாருன்னு நமக்குத் தெரியோணுமுங்க" என்பார். மூன்று நாள் கழித்து அவர்தான் திறப்பார்.

திறப்பதற்கு முன் ஒவ்வொரு சட்டமாக எடுத்து, தேனீக்களை உதறி, ராணிக் கூடு கட்டியிருக்கிறதா என்று பார்ப்பார். இருந்தால் கிள்ளி எறிவார். ராணி இல்லை என்று தெரிந்ததும் தேனீக்கள் தாங்களே ஒரு புழுவை ராணியாக வளர்க்க ஆரம்பித்துவிடும். நிலக்கடலை மாதிரி தொங்கும் கூடு. ஒரே ஒரு கூடு மிஞ்சினாலும் நாம் விடும் ராணி பிழைக்காது.

அதற்குப் பிறகுதான் கூண்டைப் பார்ப்பார். வலைமேல் தேனீக்கள் அப்பியிருக்கும். அவை உள்ளே இருப்பவளைக் கடிக்கின்றனவா, ஊட்டுகின்றனவா? கேள்வி இவ்வளவுதான். ஊட்டினால் நாக்கு வெளியே இருக்கும். கடித்தால் தாடை கம்பியைப் பிடித்திருக்கும், வால் வளைந்திருக்கும். வித்தியாசம் ஒரு நூல் கனம். தென்னை ஈர்க்கால் மெதுவாகத் தள்ளியும் பார்ப்பார். ஏற்றுக்கொண்ட தேனீ தள்ளினால் நகரும். ஏற்றுக்கொள்ளாத தேனீ கம்பியை விடாது. ஈர்க்கும் கண்ணும் ஒரே பதிலைச் சொன்னால் திறப்பார். இல்லாவிட்டால் மூடிவிட்டு இன்னும் இரண்டு நாள் விடுவார். விட்ட பிறகு எட்டு நாள் பெட்டியைத் தொடக் கூடாது.

ஒவ்வொரு பெட்டியின் மூடிக்கு அடியிலும் ஒரு அட்டை இருக்கும். மடித்த பனியனுக்குள் வைக்கிற வெள்ளை அட்டை. கம்பெனியில் வீணானவற்றை அனுப்புவார்கள். எடுத்த நாள், வைத்த நாள், விட்ட நாள், என்ன ஆயிற்று என்று அவர் கையால் எழுதி வைப்பார். அவர் நாலாவது வரை படித்தவர். கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும்.

தோப்பில் மட்டை பொறுக்கிக் கூட்டுகிற தெய்வானை என்ற அம்மாள் இந்த முறைகளை எல்லாம் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் கேட்டார்: "ஏனுங்கண்ணா, கெழவியத் தொலைச்சுப் போட்டுக் குமரியக் கொண்டாந்து வெக்கறதுக்கு இத்தனை நாளாங்க? எங்கூட்டுக்காரரு ரெண்டாவது ஒருத்தியக் கட்டிட்டு ஒரே நாள்ல கொண்டாந்து உட்டாரு."

"நீங்க என்னங்க பண்ணுனீங்க?" என்றார் வெள்ளியங்கிரி.

"உங்க பூச்சி பண்ணறதைத்தானுங்க பண்ணுனேன். மூணாம் நாளே பஸ் ஏறிட்டா."

வெள்ளியங்கிரி சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

இனி அந்த நாள்.

அந்த வருடம் முதலாளியின் தோப்பிலேயே இருபத்து நான்கு பெட்டிகளுக்கு ராணி மாற்ற வேண்டியிருந்தது. பெட்டிகள் தளர்ந்துவிட்டன. தென்னைக்குப் பூ இருக்கும்போது மாற்றினால்தான் கூட்டம் தேறும். வெள்ளியங்கிரி இருபத்து நான்கு ராணிகளையும் புழுவிலிருந்து வளர்த்து எடுத்தார். அவருக்கு அப்போது அறுபது தாண்டியிருந்தது. முட்டையைப் பார்க்கச் சட்டத்தைச் சூரியனுக்கு எதிராகச் சாய்த்துச் சாய்த்துப் பிடிப்பதை நான் கவனித்திருந்தேன். அவரும் கவனித்திருந்தார். "இந்த இருவத்திநாலும் நின்னுச்சுன்னா இன்னும் அஞ்சாறு வருசம் தாட்டிரலாமுங்க" என்றார். அவர் தனக்குத்தானே வைத்துக்கொண்ட பரீட்சை அது. எனக்கு அது தெரியும்.

பழைய ராணிகளை எடுத்தோம். கூண்டுகளை வைத்தோம். நான்காம் நாள் காலையில் திறந்து விட வேண்டும். அதற்கு முந்தின சாயங்காலம் தூறல் விழுந்தது. புகைக்கு வைத்திருந்த தேங்காய் மட்டை நார் மூட்டையை நான் உள்ளே எடுத்து வைக்கவில்லை. சோம்பல்தான். வேறு காரணம் இல்லை.

காலையில் மூட்டையின் நடுவில் நனையாமல் இருந்த நாரை எடுத்துக் கொளுத்தினேன். ஆறு பெட்டி வரைக்கும் வந்தது. ஏழாவதைத் திறக்கும் முன் குடுவை அணைந்துவிட்டது. ஈர நார் பற்றவில்லை. அடுத்த தோப்புக்குப் போய்க் காய்ந்த மட்டை வாங்கி வர அரை மணி நேரம் ஆகும். போனால் ஏன் போகிறேன் என்று சொல்ல வேண்டும். சொன்னால் அவர் என்னை மரியாதையாகக் கேட்பார்.

மோட்டார் ரூமில் கை துடைக்க ஒரு மூட்டை கட்டிங் வேஸ்ட் கிடந்தது. கம்பெனியிலிருந்து வந்தது. சிவப்பும் கருநீலமும். இழுத்தால் நீளும் துணி. கையில் எடுத்ததுமே கலப்பு என்று என் விரலுக்குத் தெரிந்தது. கொளுத்தியதும் மூக்குக்குத் தெரிந்தது. நுனி உருகி முடிச்சு விழுந்ததைக் கண்ணாலும் பார்த்தேன். மேலே இரண்டு பச்சைத் தென்னோலையைக் கிள்ளிப் போட்டுக் குடுவையை மூடினேன்.

ஏழாவது பெட்டிக்கு நான் இரண்டு முறை ஊதினேன். தேனீக்கள் சட்டென்று அடங்கின. வழக்கத்தைவிட வேகமாக அடங்கின. வெள்ளியங்கிரி தலையைத் தூக்கினார்.

"புகை சரியாங்க?" என்று கேட்டார்.

"சரிங்ணா" என்றேன்.

அவ்வளவுதான். நான் செய்தது அந்த ஒரு சொல். பெட்டி திறந்திருக்கும்போது பேசாத மனிதர், பேசிக் கேட்டார். அவருக்கு ஏதோ பட்டிருக்கிறது. மூக்கு என்னுடையது என்பதால் என்னிடம் கேட்டார். நான் சரி என்றேன்.

அதன் பிறகு பதினெட்டுப் பெட்டிகளிலும் எல்லாம் அழகாக நடந்தது. கூண்டின் மேல் ஈர்க்கை வைத்ததும் தேனீக்கள் நகர்ந்தன. ஏற்றுக்கொண்டதால் நகரவில்லை, மயங்கியதால் நகர்ந்தன. அவர் குனிந்து, முகத்தை வலைக்குப் பக்கத்தில் கொண்டுபோய், நெடுநேரம் பார்த்துப் பார்த்துத் திறந்தார். மதியத்துக்குள் வேலை முடிந்தது. "ஒண்ணைக்கூட மறுபடி மூட வேண்டியது வரலீங்க" என்று சொல்லிவிட்டுக் கை கழுவினார். அவர் முகம் எப்படி இருந்தது என்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எழுத மாட்டேன்.

மறுநாள் காலை நாங்கள் வருவதற்குள் தெய்வானை அம்மாள் ஒரு தென்னை மட்டையை ஏந்திக்கொண்டு எதிரே வந்தார்.

"என்னங்ணா இது? உங்க ராணிகளுக்குப் பொட்டு வெச்சு அனுப்புனீங்க. அதுக எல்லாத்தையும் வாசல்ல தூக்கிப் போட்டிருக்குதுக" என்றார். அவர் கேலியாகத்தான் ஆரம்பித்தார். எங்கள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார்.

மட்டையில் வெள்ளைப் பொட்டு வைத்த ராணிகள் பன்னிரண்டு. மீதி ஆறும் அடுத்த நாள் கிடைத்தன. முதல் ஆறு பெட்டி வாசலில் மட்டும் ஒன்றும் இல்லை. எது பிழைத்தது, எது செத்தது என்று பார்த்த அந்த நொடியே காரணம் எனக்குத் தெரிந்துவிட்டது. நார் புகை போட்டவை பிழைத்தன. துணிப் புகை போட்டவை செத்தன. குழந்தைகூடச் சொல்லும். ஆனால் அவருக்கு இரண்டு புகை என்பதே தெரியாது. அவர் வேறு கணக்கைப் போட்டார். முதல் ஆறு வரைக்கும் கண் தெளிவாக இருந்திருக்கிறது. அதற்குப் பிறகு களைத்துவிட்டது. கடித்ததை ஊட்டியது என்று நினைத்துவிட்டோம் என்பது அவர் கணக்கு.

எட்டாம் நாள் பெட்டிகளைத் திறந்தோம். செத்த பெட்டிகளில் தேனீக்கள் தாங்களே ராணிக் கூடு கட்டியிருந்தன. எல்லாம் புதிய கூடுகள், இன்னும் திறக்காதவை. பதினோராம் எண் பெட்டியில் மட்டும் ஒரு கூடு திறந்து கிடந்தது. சட்டத்தின் அடி ஓரத்தில், மூலையில். நுனி மூடி வட்டமாக வெட்டுப்பட்டுத் தொங்கியது. உள்ளிருந்த ராணி வெளியே வந்து போய்விட்டது. அது வெளியே வரப் பன்னிரண்டு நாள் போல ஆகும். அப்படியென்றால் நாங்கள் சட்டம் சட்டமாக உதறிப் பார்த்த அன்று அந்தக் கூடு அங்கேதான் இருந்திருக்கிறது. அவர் பார்க்கவில்லை.

அவர் அந்தக் கூட்டை விரலால் தொட்டார். "இதையே நான் பாக்கலீங்களே" என்றார். "இதைப் பாக்காத கண்ணு நாக்கைப் பாத்திருக்குமாங்க?"

அந்த ஒரு கூடு எனக்குக் கிடைத்த அதிர்ஷ்டம் என்று நினைத்தேன். ஆமாம், அப்படித்தான் நினைத்தேன்.

முதலாளி திருப்பூரிலிருந்து வந்தார். காரைவிட்டு இறங்காமலே, "பதினெட்டும் போச்சாங்க? யாரு தப்பு?" என்றார்.

"என்னுதுங்க" என்றார் வெள்ளியங்கிரி. "கண்ணு போச்சுங்க. சம்முகத்துக்கு எல்லாம் தெரியும். அவரையே பாத்துக்கச் சொல்லுங்க."

நான் கையில் புகைக் குடுவையோடு பக்கத்தில் நின்றிருந்தேன்.

முதலாளி அவரைப் போகச் சொல்லவில்லை. அவராகத்தான் போனார். அனுப்பர்பாளையத்தில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். போவதற்கு முன் பதினெட்டு அட்டைகளையும் எடுத்து உட்கார்ந்து எழுதினார். மற்றவை எதையும் தொடவில்லை. அடுத்த நாளிலிருந்து ராணிகளைத் தொடுவது நான். பதினான்கு வருடம் தொட்டேன். நல்ல பெயர் வாங்கினேன். பொள்ளாச்சியிலிருந்தெல்லாம் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள். கலப்போ சாயம் ஏறியதோ, எந்தத் துணியையும் தோப்புக்குள் விடவில்லை. கொண்டுவந்தவர்களைத் திட்டினேன். ஏன் என்று ஒருவருக்கும் சொன்னதில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், முதலில் பயம். பிறகு அவருடைய இடம் எனக்கு வேண்டியிருந்தது. அதற்கும் பிறகு, இத்தனை நாள் கழித்து எப்படிச் சொல்வது என்ற வெட்கம்.

பயிற்சியில் குடுவையைப் பிடுங்கிப் போட்ட அன்று வீட்டுக்கு வந்ததும் ஒன்று தெரிந்தது. அந்த சேவூர்க்காரரை நான் எந்த நியாயத்தில் திட்டினேன்? அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அவர் யாரிடமும் 'சரிங்ணா' என்று சொல்லவில்லை. மறுநாள் அட்டைகளை எடுத்துக்கொண்டு அனுப்பர்பாளையத்துக்கு பஸ் ஏறினேன். அந்தப் பதினெட்டு அட்டைகளையும் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருந்தேன். தூக்கிப் போடவும் முடியவில்லை, எடுத்துப் படிக்கவும் முடியவில்லை.

வீட்டை ஒட்டியே மருமகனின் பட்டறை. பாத்திரத்துக்குப் பாலிஷ் போடும் சத்தத்தில் நான் பெயரைச் சொன்னது கேட்காமல் அவர் மகள் கோமதி கதவருகே வந்தார். யார் என்று சொன்னதும் மேலும் கீழும் பார்த்தார்.

"பதினாலு வருசமா இந்தப் பக்கம் வழி தெரியிலீங்களாக்கு? உள்ள வாங்க. அப்பாவுக்கு இப்போ கண்ணு தெரியாதுங்க. சக்கரை."

வெள்ளியங்கிரி கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். முன்பைவிடச் சிறுத்துப் போயிருந்தார். என் குரலைக் கேட்டதும், "பெட்டி எப்படிங்க இருக்குது?" என்றார். சாப்பிட்டீர்களா என்று அதற்குப் பிறகுதான் கேட்டார்.

நான் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன். மூட்டை நனைந்தது, மோட்டார் ரூம், சிவப்புத் துணி, ஏழாவது பெட்டி, அவர் கேட்டது, நான் சொன்னது.

"மொத ஆறும் நாருங்களா?" என்றார்.

"ஆமாங்ணா."

"ஈர்க்கு வெச்சா வழுக்கிட்டுப் போச்சுதுக. அப்பவே என்னமோன்னு இருந்துச்சுங்க." கைகளை முழங்கால்மேல் வைத்துக்கொண்டார். "நான் இங்க வந்து ஒரு மாசத்துல கோமதி என்னைய டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போச்சு. கண்ணு நல்லாத்தான் இருக்குது, கண்ணாடி மட்டும் போட்டாப் போதும்னாரு. நான் நம்பலீங்க. பதினெட்டு ராணி செத்தது பொய்யா, டாக்டரு பொய்யான்னு யோசிச்சேன். டாக்டரைத்தான் பொய்யின்னேன். கண்ணாடி வாங்கல. எங்கிட்ட அஞ்சு பெட்டி இருந்துச்சு, அதையும் குடுத்துட்டேன். சக்கரை வந்து நெசமாவே கண்ணு போனது நாலு வருசத்துக்கு முன்னாலதானுங்க. நடுவுல பத்து வருசம் எனக்குக் கண்ணு இருந்திருக்குது. நான் இல்லீன்னு நெனைச்சுட்டு உக்காந்திருக்கறேன்."

கோமதி காபி டம்ளரை என் முன்னால் வைக்கப் போனவர், வைக்காமல் திரும்ப எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அது சரிதான்.

மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். அவர் கையை உயர்த்தினார்.

"அந்த அட்டைகள் இருக்குதுங்களா?"

"கொண்டாந்திருக்கறேனுங்க."

"பேனா?"

"இருக்குதுங்க."

"உக்காருங்க. ஒண்ணொண்ணாப் படியுங்க. நான் எழுதுனதை அடிச்சுட்டு, நடந்ததை எழுதுங்க. எழுதி அதையும் படிச்சுக் காட்டுங்க."

தரையில் உட்கார்ந்தேன். ஏழாம் எண் அட்டையை எடுத்துப் படித்தேன். எடுத்த நாள், வைத்த நாள், விட்ட நாள். கடைசியில் அவர் அச்சுக் கையெழுத்தில்: 'இறந்தது. கடிப்பதற்கும் ஊட்டுவதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. என் கண் பிழை.' அதன்மேல் கோடு போட்டேன். கீழே எழுதினேன்: 'கலப்புத் துணிப் புகை. சண்முகம் தெரிந்தே போட்டது. கேட்டதற்குச் சரி என்று பொய் சொன்னது.' படித்துக் காட்டினேன். அவர் தலையை ஆட்டினார். எட்டு. ஒன்பது. பத்து. ஒவ்வொன்றுக்கும் அதே வரியைப் படித்து, அதே வரியை எழுதி, அதே வரியைத் திரும்பப் படித்தேன்.

பதினோராம் எண்ணை எடுத்தேன். அதில் அவர் எழுதியிருந்தது வேறு. 'ராணிக் கூடு ஒன்றைப் பார்க்காமல் விட்டேன். என் கண் பிழை.' நான் அதை வாய்க்குள் படித்துவிட்டுக் கொஞ்சம் யோசித்தேன். பார்வை போன மனிதர். பத்து வருடத்தை நான் எடுத்துக்கொண்டேன். இதையும் என் கணக்கில் சேர்த்துவிடலாம், இவருக்கு ஒன்றும் மிச்சம் இருக்க வேண்டாம் என்று நினைத்தேன். மற்ற அட்டைகளில் இருந்ததையே சத்தமாகப் படித்தேன்: "இறந்தது. கடிப்பதற்கும் ஊட்டுவதற்கும்..."

"சித்தெ நில்லுங்க" என்றார் வெள்ளியங்கிரி. "அது பதினொண்ணுதானுங்களே?"

"ஆமாங்ணா."

"அதுல நான் வேற எழுதியிருப்பனுங்க."

நான் பேனாவைக் கீழே வைத்தேன்.

"மறுக்காவும் என்கிட்டச் சரிங்கறீங்களா?" என்றார். குரலை உயர்த்தவில்லை. "எழுதியிருக்கறதைப் படியுங்க."

எழுதியிருந்ததைப் படித்தேன்.

"அதைய அடிக்காதீங்க. அந்தக் கூடு அங்க இருந்துச்சு, நான் பாக்கல. புகை நல்லாருந்திருந்தாலும் அந்த ராணி செத்திருக்கும். அது என்ற கண்ணுதானுங்க. அது ஒண்ணுதான் என்னுது. அதைய எனக்கு உடுங்க."

பதினோராம் எண் அட்டையைத் தனியாக எடுத்து அவர் கையில் கொடுத்தேன். விரலால் ஓரத்தைத் தடவிப் பார்த்துவிட்டுத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். அதனால் உங்களுக்கு அனுப்பும் அட்டைக் கட்டில் பதினேழுதான் இருக்கும்.

"அடுத்ததைப் படியுங்க" என்றார்.

பன்னிரண்டை எடுத்தேன்.